மின்கலமின்றிப் பேசிய தொலைபேசி

மின்கலமின்றித் தொலைபேசி இயங்குமா என்னும் வினா இன்று பலர்க்கு வியப்பைத் தரலாம். கையில் ஏந்தும் பேசியின் மின்கலம் வலுவிழந்ததும் பேச்சு அற்றுப்போவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், தொலைபேசியின் வரலாற்றை அதன் தோற்றுவாயிலிருந்து நோக்குவார்க்கு, மின்கலம் அதன் உயிர்நிலையன்று, துணையே என்பது புலனாகும். அத்துணை எதன்பொருட்டு வந்தது, பின்னர் எங்கே சென்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கம்பிச் சுருளொன்றின் அருகே காந்தம் அசையுமாயின் அச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1831 ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்தார். தொலைபேசிக்கு வித்திட்டது இவ்வுண்மையேயாம். 1875 யூன் 2 ஆம் நாள் பொஸ்ரன் நகரிலே, அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் உதவியாளராகிய தோமசு வாற்சன், மின்காந்தத்தில் ஒட்டிக்கொண்ட உருக்குத் தகடொன்றை விரலாற் சுண்டினார். மற்றோர் அறையிலிருந்த பெல் அவ்வொலியைத் தமது கருவியிற் கேட்டார். தகட்டின் அசைவே ஒலியைச் சுமக்கும் மின்னைப் பிறப்பிக்க வல்லது என்பது அன்று தெளிவாயிற்று.

1876 மார்ச்சு 10 ஆம் நாள் பெல் முதன்முதலாகத் தெளிவான சொற்களை அனுப்பியது, மின்கலத்தோடு கூடிய திரவச் செலுத்தியினாலாகும். எனினும் அவர் அவ்வழியிலே தொடர்ந்து செல்லவில்லை. 1877 சனவரி 30 இல் அவர் பெற்ற காப்புரிமையில் நிலைக்காந்தம் இடம்பெற்றது. அவ்வாண்டில் வாடகைக்கு விடப்பட்ட தொலைபேசிகள் இவ்வகையினவே. பேசுவோர் குரல் மெல்லிய இரும்புத் தகட்டை அசைத்தது; அவ்வசைவினாற் சுருளில் மின்னோட்டம் பிறந்தது; அது மறுமுனையிலுள்ள தகட்டை அசைத்து மீண்டும் ஒலியாயிற்று. ஒரே கருவியை வாயருகும் செவியருகும் மாறிமாறி வைத்தனர். மனிதக் குரலின் வலுவன்றி வேறு வலு அதற்கு வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் மின்கலம் வந்தது ஏன்? குரலின் வலு மிகச் சிறிது. நெடுந்தொலைவு செல்லுங்கால் அது கம்பியிலே தேய்ந்துபோம். 1877, 1878 ஆம் ஆண்டுகளில் எடிசன், இயூசு முதலியோர் இக்குறையைக் கரியினால் நீக்க முயன்றனர். அழுத்தம் மாறக் கரியின் மின்தடையும் மாறும். இங்கே மின்னோட்டத்தைத் தருவது மின்கலம். குரல் அதனைக் கூட்டிக் குறைப்பது மாத்திரமே. மதகைத் திறப்பவனின் கைவலு சிறிதாயினும் பாயும் நீரின் வலு பெரிதன்றோ? ஆகவே, மின்கலம் பேச்சை உண்டாக்க வந்ததன்று. அதனைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லவே வந்தது.

தொடக்கத்தில் இம்மின்கலங்கள் ஒவ்வொரு வீட்டுத் தொலைபேசியிலும் இருந்தன. நிலையத்தை அழைப்பதற்குக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். கலங்கள் வலுவிழந்தபோதெல்லாம் வீடுதோறும் சென்று மாற்றவேண்டியிருந்தது. 1890களில் நிலையத்திலேயே பொது மின்கல அடுக்கை வைத்து, கம்பி வழியே எல்லா வீடுகளுக்கும் மின் வழங்கும் முறை தோன்றியது. பிற்காலத்தில் 48 உவோற்று இதற்குரிய வழக்கமான அளவாயிற்று. ஊரில் மின் தடைப்பட்ட வேளையிலும் செப்புக்கம்பித் தொலைபேசி பேசியமையால், அதற்கு மின்கலமே இல்லையெனப் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் பிழையாகும். மின்கலம் மறையவில்லை, இடம் மாறியது.

பெல்லின் பழைய முறையும் அழிந்திலது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களிலே குரல்வலுவால் இயங்கும் தொலைபேசிகள் பயன்பட்டன. தாக்குண்ட கப்பலில் மின்வழங்கல் முற்றாக அற்றபோதும், தளங்களுக்கிடையே கட்டளைகளைக் கொண்டுசெல்ல அவை உதவின. நெடுந்தொலைவுக்கு ஆகாதென விடப்பட்ட கருவி, குறுந்தொலைவில் உயிர்காக்குந் துணையாயிற்று.

2017 ஆம் ஆண்டில் சியாற்றிலிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் மின்கலமற்ற கைப்பேசி ஒன்றை அமைத்துக் காட்டினர். அதற்கு ஏறத்தாழ 3.5 மைக்கிரோவாற்று, அஃதாவது ஒரு வாற்றின் பத்திலட்சத்தில் மூன்றரைப் பங்கு வலுவே போதுமாயிற்று. வானொலி அலைகளிலிருந்து வலுவைப் பெற்று 31 அடி தொலைவிலும், ஒளியிலிருந்து பெற்று 50 அடி தொலைவிலும் அது இயங்கியது. ஒலிவாங்கியின் அசைவே அலையை மாற்றியமைத்தது என்பது பெல்லின் தகட்டை நினைவூட்டுகின்றது. எனினும், அலையை அனுப்பிய அடிநிலையம் வலுவின்றி இயங்கியதன்று.

ஆதலின், மின்கலமின்றித் தொலைபேசி இயங்கும் என்பதே வரலாறு தரும் விடை. ஆனால், எத்துணைத் தொலைவுக்கு, எவர் தரும் வலுவினால் என்று வினவாதார்க்கு அவ்விடை முழுமை பெறாது.