ஒரு பக்கத்தில் எத்தனை கைகள்

தியாசபி என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்கள் சிரிப்பார்கள். நானும் வெகுநாள் சிரித்தவன்தான். மகாத்மாக்களின் கடிதங்கள், ஆவிகள், அடையாறு ஆலமரம் — இவற்றுக்கும் நவீன கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்பது என் கட்சி. எலியட்டின் 'பாழ்நிலம்' 1922இல் நூல் வடிவம் பெற்றபோது அவரே சேர்த்த குறிப்புகளைப் பின்தொடர்ந்து போனதில் அந்தக் கட்சி ஆட்டம் கண்டது.

கவிதையின் தலைப்பும் அமைப்பும் ஜெஸ்ஸி வெஸ்டனின் 'ஃப்ரம் ரிச்சுவல் டு ரொமான்ஸ்' (1920) என்ற நூலுக்குக் கடன்பட்டவை என்கிறார் எலியட். வெஸ்டனின் வாதத்துக்கு அச்சாணியாக இருக்கும் அத்தியாயம், நாசீனர் என்ற ஞானவாதக் குழுவினரின் பழம்பிரதி ஒன்றைப் பற்றியது. அங்கே அவருக்கு வழிகாட்டி ஜி. ஆர். எஸ். மீட் 1906இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'த்ரைஸ் கிரேட்டஸ்ட் ஹெர்மிஸ்'. இந்த மீட் யார் என்று பார்த்தால், பிளாவட்ஸ்கி அம்மையாரின் அந்தரங்கச் செயலாளர்!

மீட் 1863இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். 1884இல் சபையில் சேர்ந்தார். 1889 முதல் 1891இல் பிளாவட்ஸ்கி மறையும்வரை அவருடைய மேஜையருகே இருந்தார். பின்னர் அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து 'லூசிபர்' பத்திரிகையைக் கவனித்தார். 1897இல் அதன் பெயர் 'தியாசபிகல் ரெவ்யூ' ஆயிற்று.

அவருடைய ஈடுபாடு முழுவதும் ஞானவாதிகளிடம்தான். திருச்சபை தோற்கடித்து அழித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சொற்களில் பெரும்பகுதி, அவர்களை மறுத்து எழுதிய ஐரேனியஸ், ஹிப்பொலிடஸ், எபிபானியஸ் ஆகியோரின் நூல்களில் மேற்கோளாகத்தான் கிடைத்தது. இது நமக்குப் புதிதல்ல. குண்டலகேசி முழுதாக நம் கையில் இல்லை. அதை வீழ்த்த எழுந்த நீலகேசியின் உரையிலும் புறத்திரட்டிலுமாகச் சில செய்யுட்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. எதிரி எடுத்துக்காட்டியதால் மிஞ்சிய எழுத்து.

ஹிப்பொலிடஸின் மறுப்பு நூலில் பெரும்பகுதி 1842இல்தான் ஆதோஸ் மலை மடத்திலிருந்து வெளிவந்தது. அதில் பொதிந்திருந்த நாசீனர் பிரதியை, ஜெர்மன் அறிஞர் ரைட்சன்ஸ்டைன் 1904இல் காட்டிய வழியைத் தொடர்ந்து மீட் அடுக்கடுக்காகப் பிரித்தார். அடியில் ஒரு கிரேக்கச் சமயப் பனுவல். அதன்மேல் ஒரு யூதரின் கை. அதன்மேல் ஒரு கிறிஸ்தவரின் கை. எல்லாவற்றுக்கும் மேலே மறுப்பவரின் குறுக்கீடு. ஒரே பக்கத்தில் நான்கு கைகள். எது யாருடையது என்று குறியிட்டுக் காட்டினார். எனக்கு இது பத்திராசிரியன் செய்யக்கூடிய உயர்ந்த காரியமாகப் படுகிறது.

ஆனால் இதே மனிதர்தான் 1893இல், பெசன்ட்டோடு சேர்ந்து, பிளாவட்ஸ்கியின் 'ரகசியக் கோட்பாடு' நூலுக்குத் திருத்திய பதிப்பு கொண்டுவந்தவர். மூலப் பதிப்பு 1888இல் வந்தது. ஆசிரியை உயிரோடில்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் கைவைத்துவிட்டார்கள் என்று பின்னாளில் பெரிய சண்டையே நடந்தது. பெரும்பாலும் மொழிச்சீர்தான் என்பது இவர் தரப்பு. இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கங்களில் எது யாருடைய கை என்பதற்கு அடையாளம் இல்லை. பழம்பிரதிக்குக் கொடுத்த நேர்மையைத் தன் குருவின் பிரதிக்கு அவர் கொடுக்கவில்லை.

மீட் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 'பிஸ்டிஸ் சோபியா' என்ற காப்டிக் ஞானவாத நூலை 1896இல் லத்தீன் வழியாக ஆங்கிலமாக்கியவர், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1921இல், தம் மொழிபெயர்ப்பையே திருத்தி மறுபடி வெளியிட்டார். 1907இல் ஆல்காட் அடையாறில் மரணப்படுக்கையில் கிடந்தபோது மகாத்மாக்கள் தோன்றிப் பெசன்ட்டை அடுத்த தலைவராகச் சுட்டினார்கள் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வழிமுறையை மீட் எதிர்த்தார். சிறுவர்கள் தொடர்பான ஒழுக்கக் குற்றச்சாட்டில் 1906இல் விலகிய லெட்பீட்டரை மீண்டும் சேர்த்துக்கொள்ள முடிவானதும், 1909இல் சபையை விட்டே வெளியேறினார். கூடவே சுமார் 700 பேர்.

அந்த ஆண்டே 'குவெஸ்ட்' சங்கம். அக்டோபரில் அதே பெயரில் காலாண்டிதழ். ரகசியப் பிரிவு கிடையாது, மகாத்மாக்களின் பேரில் உரிமை கோருவது கிடையாது. துருபதூர் கவிஞர்களின் காதல்பாட்டுக்குப் பின்னால் ஒரு சமயமரபு இருந்ததா என்று எஸ்ரா பவுண்ட் அந்தச் சங்கத்தில் பேசியது 1912 அக்டோபர் இதழில் வந்தது. 1932 முதல் அது அவருடைய 'ஸ்பிரிட் ஆஃப் ரொமான்ஸ்' நூலின் ஒரு அத்தியாயம். ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகள் இதழ் நடந்தது. மீட் 1933இல் இறந்தார்.

அவரிடம் குறைகள் உண்டு. எல்லாச் சமயங்களும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்ற ஆசை அவரை விட்டு முழுதாகப் போகவில்லை. மொழிபெயர்ப்பு நடை விவிலியப் பழமை பூசிக்கொண்டது. 1945இல் நாக் ஹம்மாதியில் ஞானவாதிகளின் சொந்தச் சுவடிகளே கிடைத்தபின் ஆராய்ச்சி அவரைத் தாண்டிப் போய்விட்டது. இருந்தும், அவருடைய 'ஒரு மறந்த நம்பிக்கையின் துணுக்குகள்' 1960இல் மறுபதிப்பானபோது முன்னுரை எழுதியவர் கென்னத் ரெக்ஸ்ராத் என்ற கவிஞர்.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் பத்திரிகை நடத்திய நாளில் ஒரு நண்பரின் கவிதையிலிருந்து இரண்டு வரிகளை வெட்டி அச்சிட்டேன். கவிதை மேம்பட்டது என்றுதான் நினைத்தேன், அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் காலமான பிறகு வந்த தொகுப்பில் என் வடிவமே இடம்பெற்றது. கைப்பிரதி அச்சகத்தோடு போயிற்று. அந்த இரண்டு வரிகள் இப்போது என் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன — அதுவும் முழுதாக அல்ல.