மூலதனமா, முத்திரையா?

கல்லூரிப் பட்டத்துக்குச் சந்தையில் ஏன் விலை கிடைக்கிறது? பொருளியலில் இதற்கு இரண்டு புகழ்பெற்ற விடைகள் உண்டு.

கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ நூலில் படிப்பை முதலீடாகப் பார்த்தார். தறி வாங்கிப் போட்டால் உற்பத்தி கூடுவதுபோல, படித்தவரின் உழைப்பும் கூடுதலாக விளைவிக்கிறது, சம்பளமும் கூடுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறு கோணத்தில் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் திறமை முதலாளிக்குத் தெரியாது. பட்டம் அதைக் காட்டும் முத்திரை. திறமை குறைந்தவருக்கு அது எளிதில் கிட்டாது என்பதால்தான் அதற்கு மதிப்பு. பெக்கருக்கு 1992-இலும் ஸ்பென்ஸுக்கு 2001-இலும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பொறியியல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இரண்டையும் பார்க்கலாம். ‘பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, எந்தப் பிரிவும் வரலாம்’ என்னும் கேம்பஸ் இன்டர்வியூ நிபந்தனை ஸ்பென்ஸ் பக்கம். சிவில் படித்தவரையும் மென்பொருள் நிறுவனம் எடுக்கிறதென்றால், அது வாங்குவது பாலம் கட்டும் அறிவை அல்லவே! எடுத்தபின் மாதக்கணக்கில் பயிற்சி தருவது பெக்கர் பக்கம். இன்ஃபோசிஸ் இதற்கென்றே மைசூருவில் பெரும் வளாகம் வைத்திருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தபின் இரண்டுமே அடி வாங்கின, அடிதான் ஒன்றல்ல. சிறு புரோகிராம் எழுதுவது, டெஸ்டிங் போன்ற தொடக்கநிலைத் திறன்களை இயந்திரமும் செய்வதால் பெக்கரின் மூலதனம் தேய்கிறது. ஆனால் அடிப்படை தெரிந்தவருக்கே இயந்திரத்தின் பிழை கண்ணில் படும். அவர் மூலதனத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். முத்திரைக்கு அப்படி வழியில்லை. அசைன்மென்ட்டும் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் ஒரே இரவில் தயாராகிவிட்டால், அரும்பாடு பட்டவரும் படாதவரும் மதிப்பெண் பட்டியலில் ஒன்றுபோலத் தெரிவார்கள். கள்ள நாணயம் கலந்த சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

ஆகவே பட்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது அவசரத் தீர்ப்பு. மலிவது முத்திரை, கற்றது கைவசம் இருந்தால் அதற்கு இன்னும் விலை உண்டு. கல்லூரி தேடும் பெற்றோர் பிளேஸ்மென்ட் சதவீதத்தோடு நின்றுவிட வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவில் மாணவரை உட்காரவைத்து வரிக்கு வரி விளக்கச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள்.