புட்டியில் வளர்ந்த ஏத்தன்

சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தோட்டத்தில் வேலை செய்தவர் வேட்டியில் கறை இல்லாமல் வீடு திரும்புவது அரிது. இந்த ஏத்தன் வாழைக்கன்றின் கதையிலும் முதல் இடைஞ்சல் அந்தக் கறைதான்.

நாம் சாப்பிடும் வாழைக்கு முளைக்கும் விதை கிடையாது. நல்ல தார் போட்ட மரத்தின் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதே வழக்கம். ஆனால் கிழங்கோடு கூன்வண்டும் நூற்புழுவும் வாடல் நோயும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் ஆய்வகத்துக்குப் போகும் ஏத்தன் கன்றின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, கிருமிநீக்கி, மறுபடியும் உரிக்கிறார்கள். கடைசியில் விரல்நுனி அளவுக்குக் குருத்து மிஞ்சுகிறது. அதைப் புட்டிக்குள் ஊட்டக் கூழில் வைத்து வளர்க்கிறார்கள். கத்தி பட்ட இடம் உடனே கறுக்கிறது. அந்தக் கறை கூழில் இறங்கித் தேங்கினால் குருத்து செத்துவிடும். ஆரம்ப நாட்களில் அடிக்கடி புட்டி மாற்றுவது அதற்காகத்தான்.

அந்தக் கூழ், 1962-ல் முராஷிகி, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, இறுகுவதற்கு அகார். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடினால் குருத்து கிளைத்துக்கொண்டே போகும். ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கியைச் சேர்த்தால் வேர்விடும். ஒற்றைச் செல்லிலிருந்தே முழுச் செடியை எழுப்பலாம் என்று தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1902-ல் எழுதினார். அவர் வளர்த்த செல்களில் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆனாலும் அவர் நம்பியது சரி.

நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்துப் புதுப் புட்டியில் வைக்கிறார்கள். அளவுமீறிப் பிரித்தால் குணம் மாறிய கன்றுகள் கிளம்பும். முடிக்கொத்து வைரஸ் தாயிடம் இருந்தால் ஆயிரம் பிள்ளைகளுக்கும் போகும். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் அதற்குச் சோதனையும் சான்றும் உண்டு. அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள் என்று ஒவ்வொரு சம்சாரியிடமும் சொல்லவேண்டும் போலிருக்கிறது. தவறினால் வீணாவது அவருடைய ஒரு வருட உழைப்பு.

வெளியே வரும் நாள்தான் கன்றுக்குக் கண்டம். புட்டிக்குள் எப்போதும் ஈரக்காற்று. இலையில் மெழுகுப்பூச்சு மெலிது, இலைத்துளைகளுக்கு மூடிப் பழக்கமில்லை. நேர் வெயில் பட்டால் துவண்டுவிடும். கூழை அலம்பி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் சில வாரம். பிறகு நிழல்வலைக்கடியில், பையில் சில வாரம். ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, புது இலைகள் தடிப்பாக வருகின்றன.

கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலில் ஆறடிக்கு ஒரு குழி. பையைக் கிழித்தால் வெள்ளை வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. பக்கக்கன்றைவிட ஒல்லிதான். இலை நுனியைக் கிள்ளிப் பார்த்தேன். விரலில் கறை ஒட்டியது.