பள்ளத்தாக்குக் காய்ச்சல்: நோய்க்கூறுகளும் சிக்கல்களும்

காக்சிடியோய்டோமைகோசிஸ் எனப்படும் பள்ளத்தாக்குக் காய்ச்சல், அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களின் வறண்ட நிலப்பகுதிகளிலும் மெக்சிகோவிலும் மத்திய, தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் காணப்படும் பூஞ்சை நோய். இதை 1892இல் அர்ஜென்டினாவில் அலெஹாந்திரோ போசாதாஸ் முதலில் விவரித்தார். காக்சிடியோய்டிஸ் பூஞ்சை மண்ணில் வாழ்கிறது. மண் கிளறப்படும்போது அதன் நுண்வித்துகள் புழுதியோடு மூச்சில் கலக்கின்றன. 1994இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் புழுதி எழுந்ததை அடுத்து, அங்குள்ள வென்சுரா கவுண்டியில் 203 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர்.

நுரையீரலை அடைந்த வித்து உருண்டு பருத்து, பின் வெடித்து, நூற்றுக்கணக்கான உள்வித்துகளை வெளிவிடுகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் அவ்வாறே பருக்கும். ஆயினும் தொற்றியவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஏனையோருக்கு 1 முதல் 3 வாரங்களில் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, கடும் சோர்வு ஆகியவை வருகின்றன. இவை பாக்டீரியா நிமோனியாவின் அறிகுறிகளே என்பதால், நோயாளிக்குப் பயனற்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் தரப்படுவது வழக்கமாகிவிட்டது. சிலருக்கு மூட்டுவலியும் முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் சிவந்து வலிக்கும் முடிச்சுகளும் தோன்றும். இம்முடிச்சுகளில் பூஞ்சை இராது. உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்ததையே அவை காட்டுகின்றன.

பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே குணமடைகின்றனர். 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு நுரையீரலில் நீடித்த பாதிப்பு உண்டாகிறது. எஞ்சிநிற்கும் கட்டி எக்ஸ்ரே படத்தில் புற்றுநோய் போலவும், குழி காசநோய் போலவும் தோன்றி மருத்துவரைக் குழப்பும். குழியிலிருந்து இரத்தம் கசிந்தால் சளியோடு வெளிப்படும். குழி நுரையீரல் உறைக்குள் வெடித்தால் அங்கே காற்றும் சீழும் சேரும். நீரிழிவு நோயாளிகளுக்குக் குழிகள் உண்டாகும் வாய்ப்பு மிகுதி.

ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்குத் தொற்று நுரையீரலைக் கடந்து தோல், எலும்பு, மூட்டு, மூளையுறை ஆகியவற்றுக்குப் பரவுகிறது. எச்ஐவி தொற்றுடையோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் உள்ள பெண்கள், ஆப்பிரிக்க, பிலிப்பினோ மரபினர் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். மூளையுறை அழற்சியே மிகக் கொடியது. அது மூளையில் நீர் தேங்கவும் பக்கவாதம் வரவும் காரணமாகும். சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள் உயிரைப் பறிக்கும். ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகள் நோயை அடக்கிவைக்கின்றன. ஆனால் நிறுத்தினால் நோய் மீளக்கூடும் என்பதால் அவற்றை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியுள்ளது.

நோயின் முதல் தோற்றத்தில் தனி அடையாளம் இல்லாததால், நோயாளி வாழ்ந்த இடமும் சென்றுவந்த இடமுமே முதன்மைத் தடயம். இந்நோய் காணப்படும் நிலப்பகுதிகளில் இருந்தவருக்கு நிமோனியா கண்டால், பிறபொருளெதிரிகளைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் வளர்க்கப்படும் பூஞ்சையின் வித்துகள் ஊழியர்களுக்கும் ஆபத்தானவை. எனவே மாதிரியை அனுப்பும்போதே இந்நோயின் ஐயத்தைக் குறிப்பிடுவது மருத்துவரின் கடமை.