கொள்ளுப்பாட்டி நகை லண்டன் போன கதை

உங்க கொள்ளுப்பாட்டி நகை எல்லாம் எங்க போச்சுன்னு வீட்ல கேட்டிருக்கீங்களா? "கஷ்ட காலத்துல வித்துட்டாங்க"ன்னு சொன்னா, அது அநேகமா 1930கள்.

1925ல் பிரிட்டன் நிதியமைச்சர் சர்ச்சில், பவுண்டைப் போருக்கு முந்தைய மதிப்பிலேயே தங்கத்தோடு கட்டினார். ஏற்றுமதி படுத்தது. அடுத்த வருஷமே பொது வேலைநிறுத்தம். 1931 ஆகஸ்டில், வேலையில்லாதோர் உதவித்தொகையில் 10% வெட்டலாமா என்ற சண்டையில் லேபர் அரசு கவிழ்ந்தது. செப்டம்பர் 21ல் பவுண்டு தங்கத்தைக் கைவிட்டது.

இதுல நம்ம கே.ஜி.கண்டிகை எங்க வருது? அப்போ திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்துல, மதராஸ் மாகாணத்துல இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது; கடனும் வட்டியும் அதே அளவுக்கு இறங்கல. ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸில் பவுண்டோடு கட்டி வச்சிருந்தாங்க. பவுண்டு சரிஞ்சதும் ரூபாயும் சரிஞ்சது, தங்கம் விலை ஏறிச்சு. விவசாயி கையில விக்கிறதுக்கு வேற என்ன இருக்கு? மனைவி கழுத்துதான்.

நாடு முழுக்க அப்படி வித்த தங்கம் பம்பாய்ல கப்பலேறி லண்டன் போச்சு, பவுண்டைத் தாங்கிப் பிடிச்சது. ஏற்றுமதிக்குத் தடை போடுங்கன்னு இந்திய வணிகர்கள் கேட்டாங்க. அரசு போடல.

அங்க 10% வெட்டு ஓர் அரசையே கவிழ்த்தது. இங்க ரூபாய் மதிப்பை முடிவு பண்ணினவங்களை ஓட்டு போட்டு இறக்க யாராலும் முடியாது.