சவரனில் ஒளிந்திருக்கும் இரண்டெழுத்து



பேத்திக்குக் கம்மல் செய்ய, அம்மா விட்டுச்சென்ற ஒரே பழைய சவரன் காசை உருக்கலாம் என்று வீட்டில் முடிவானது. காசின் எடை 7.98 கிராம். நாம் இன்றும் 8 கிராமைச் சவரன் என்பது இந்தக் காசை வைத்துத்தான். கடைக்குக் கிளம்புமுன் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன்.

குதிரைமேல் வரும் புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் பக்கம். கீழே 1913. அதற்கு வலப்புறம், கடுகைவிடச் சிறியதாக ‘பி.பி.’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்.

அது பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சியின் கையொப்பம். 1783இல் ரோமில் பிறந்தவர். மணிக்கற்களில் உருவம் செதுக்குவதில் வல்லவர். 1815இல் லண்டன் வந்தார். 1817இல் வெளியான புதிய சவரனுக்கு இந்த உருவத்தைச் செய்தவர் அவரே. அந்த ஆண்டே நாணயச்சாலையில் தலைமைச் செதுக்குநர் இடம் காலியானது. வேலையை அவர் பார்த்தார். அயல்நாட்டவர் என்பதால் பதவி மட்டும் தரவில்லை. 1818 வெள்ளிக் கிரௌன் காசில் தம் பெயரை முழுதாக இருபுறமும் பொறித்தார். அதற்கும் கண்டனம் எழுந்தது. 1828இல் தலைமைப் பதவி வில்லியம் வயானுக்குப் போனது. இவருக்குக் கிடைத்தது தலைமைப் பதக்கச் செதுக்குநர் பட்டம்.

வயானும் பெரிய கலைஞர்தான். விக்டோரியாவின் இளமை முகம் உள்ள சவரனில், கழுத்து வெட்டில் இருக்கும் ‘டபிள்யூ.டபிள்யூ.’ அவருடையது. 1871 முதல் வந்த விக்டோரியா காலத்து ஜார்ஜ் சவரன்களில் ‘பி.பி.’ சிறிதாகவும் இருக்கும், பெரிதாகவும் இருக்கும். சிலவற்றில் அறவே இருக்காது. சேகரிப்பவர்கள் இவற்றைத் தனித்தனி வகையாகவே கணக்கிடுகிறார்கள்.

என் காசு ஐந்தாம் ஜார்ஜ் காலத்தது. மன்னர் கழுத்தில் ‘பி.எம்.’ இருக்கிறது; அவர் மெல்போர்னில் பிறந்த சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல். இக்காலக் காசுகளில் ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘எம்’ என்றால் மெல்போர்ன், ‘பி’ என்றால் பெர்த். ‘ஐ’ இருந்தால் 1918இல் நம் பம்பாயில் அடித்தது. எழுத்தே இல்லையென்றால் லண்டன். என்னுடையது லண்டன்.

போலிக் காசிலும் இந்த எழுத்துகள் இருக்கலாம். எடையையும் சரிபாருங்கள்.

“ஏங்க, அந்த ரெண்டெழுத்துக்காகவா உருக்க வேண்டாங்கறீங்க?” என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். பதவி தராதவர்களால் அழிக்க முடியாத அந்தப் பெயரை நான் ஏன் உருக்க வேண்டும்? கம்மலுக்கு அடுத்த மாதப் பென்ஷன் வரட்டும்.

உங்கள் வீட்டிலும் பழைய சவரன் இருந்தால், உருக்குமுன் ஒருமுறை பூதக்கண்ணாடியை எடுங்கள்.