கிழிபடப் பிறந்த புத்தகங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி ஒரு கட்டில் விரிப்பைப் பிய்த்துவிட்டாள். காகித விரிப்புதான். படப்புத்தகத்தில் கட்டில் இருக்கிறது. தொங்கும் விரிப்பைத் தூக்கினால் அடியில் ஒரு முதலை. இரண்டரை வயதுக்காரிக்குத் தூக்கிப் பார்த்தது போதவில்லை. ஒரே இழுப்பு. விரிப்பு அவள் கையில், முதலை வெட்டவெளியில்.

மருமகள் சத்தம் போட்டாள். எனக்கு மட்டும் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். பசை இட்டிருந்த ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது கையால் மடித்துக் கையால் ஒட்டியது என்று. டை வெட்டி மடிப்புக் கோடு போடுவது வரை மெஷின் செய்யும். அதற்குமேல் யாராவது உட்கார்ந்துதான் ஆகவேண்டும். எங்கள் ஊரில் திறந்தால் பூ எழும்பி நிற்கும் வாழ்த்து அட்டைகளை அப்படித்தான் செய்தோம். வரிசையாக உட்கார்ந்து ஒட்டும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள்.

அன்று முதல் இந்தப் புத்தகங்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

ஆதியில் இவை குழந்தைகளுக்கானவையே அல்ல. ஐரோப்பாவில் கிரகங்களின் இருப்பைக் கணக்கிடப் பக்கத்தின்மேல் சுழலும் காகித வட்டங்களை வைத்தார்கள். மனித உடலின் படத்தில் தோலைத் தூக்கினால் உள்ளுறுப்பு தெரியும்படி மடல்களை ஒட்டினார்கள். எல்லாம் படித்த பெரியவர்களுக்கு. 1765 வாக்கில் லண்டனில் ராபர்ட் சேயர் என்ற படக்கடைக்காரர், தாளை நான்காக மடித்து, மேலும் கீழுமாகத் தூக்கினால் காட்சி மாறும் சிறு புத்தகங்களைப் போட்டார். இந்த வித்தை பிள்ளைகள் பக்கம் திரும்பியது அதிலிருந்துதான் என்று சொல்லலாம்.

இந்தத் தொழிலின் மன்னர் என்றால் அது ஜெர்மனியின் மியூனிக் நகரத்து லோதார் மெகன்டார்ஃபர் (1847–1925). நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தன் மகனுக்குப் பரிசாகத்தான் முதல் அசையும் புத்தகத்தைச் செய்தார் என்பார்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு. அதை இழுத்தால் படத்திலிருக்கும் ஆள் கண்ணை உருட்டுவார், கையைத் தூக்குவார், வாயைத் திறப்பார், எல்லாம் ஒரே இழுப்பில். இரண்டு தாள்களுக்கு நடுவே மறைத்து வைத்த நெம்புகோல்களும், மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டிச் செய்த பொடிக் குடுமிகளும்தான் ரகசியம். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பக்கத்துக்கே அரை நாள் பிடிக்கும். 1887-ல் அவர் போட்ட சர்க்கஸ் புத்தகத்தை விரித்து வளைத்து நிறுத்தினால் மேஜைமேல் ஒரு கூடாரமே நிற்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நுணுக்கமான பொருளை எந்தத் தகப்பன் மூன்று வயதுப் பிள்ளையிடம் தூக்கிக் கொடுப்பான்? பெரியவர்கள் மெல்ல இழுத்துக் காட்டுவார்கள், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும். மெகன்டார்ஃபரின் அசல் புத்தகங்கள் நல்ல நிலையில் கிடைத்தால் இன்று பெரும் விலை. நல்ல நிலையில் இருக்கின்றன என்றால் என்ன அர்த்தம்? அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கவே இல்லை!

முதல் உலகப் போர் ஜெர்மனியின் இந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது. முப்பதுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திறந்தால் எழும்பி நிற்கும் புத்தகங்கள் வந்தன. 'பாப்-அப்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

பள்ளிக்குப் போகாத குழந்தையின் கைக்கு என்றே ஒரு புத்தகம் வந்தது 1940-ல். செய்தவர் டாரத்தி குன்ஹார்ட் என்ற அமெரிக்கத் தாய். ஆபிரகாம் லிங்கன் காலத்துப் புகைப்படங்களைச் சேர்ப்பதே வாழ்க்கையாக இருந்த ஒருவரின் மகள். பிற்காலத்தில் லிங்கனைப் பற்றி எழுதியவரும்கூட. தன் கடைசிப் பெண்ணுக்கு மூன்று வயதாக இருக்கையில் அவளுக்காக 'பாட் தி பன்னி' என்ற சிறு புத்தகத்தைச் செய்தார். அதில் கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு பக்கத்தில் முயல். அதன் உடம்பில் மெத்தென்ற துணி, தடவிக் கொடுக்கலாம். இன்னொன்றில் அப்பாவின் கன்னம். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் துண்டு, சவரம் செய்யாத தாடி! ஒரு பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒன்றில் பையனின் முகத்தை மூடிய துணி, விலக்கினால் சிரிப்பான். ஒன்றில் அம்மாவின் மோதிரம், விரலை நுழைக்க ஓட்டை. முகர்ந்து பார்க்கப் பூக்களும் உண்டு.

நம் வீடுகளில் பாட்டிமார் என்ன செய்தார்கள்? குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்தார்கள், முந்தானையால் முகத்தை மூடி "பாப்பா எங்கே? இதோ!" என்றார்கள். குன்ஹார்ட் அம்மாள் அதையே அட்டைக்குள் கொண்டுவந்தார். துணியும் கண்ணாடியும் ஒட்டிய அது 60 லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது. எத்தனை விரல்கள் உழைத்திருக்கும் என்று என் மனம் கணக்குப் போடுகிறது.

இத்தாலியில் புரூனோ முனாரி என்ற ஓவியர். தன் சின்ன மகனுக்கு ஏற்ற புத்தகம் கிடைக்கவில்லை என்று தானே செய்து, 1945-ல், போர் முடிந்த அதே வருஷம், வெளியிட்டார். கதவைத் திறந்து பார்க்கும் படங்கள் அவை. எழுத்தே இல்லாமல் மரம், துணி, பிளாஸ்டிக், காகிதம் என்று பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு குட்டிப் புத்தகங்களை 1980-ல் செய்தவரும் இவரே.

எரிக் கார்ல் கதை என்னைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் காகிதக் கட்டில் ஓட்டை போடும் கருவியால் விளையாட்டாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். பார்த்தால் புழு துளைத்தது போல இருந்திருக்கிறது. முதலில் புத்தகப் புழு என்றுதான் நினைத்தார். பதிப்பாசிரியை சொன்ன யோசனையில் அது கம்பளிப்புழு ஆயிற்று, கடைசியில் வண்ணத்துப்பூச்சியும் ஆயிற்று. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அகலம் மாறி, ஒவ்வொன்றிலும் ஓட்டை விழவேண்டிய அந்தப் புத்தகத்தைக் கட்டுப்படியாகும் விலையில் செய்ய அமெரிக்காவில் அச்சகம் கிடைக்கவில்லை. ஜப்பானில் அச்சடித்து 1969-ல் வெளியிட்டார்கள். இன்று 5 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. கையொட்டு வேலை அதற்குப்பின் கொலம்பியாவின் காலி நகரம், சிங்கப்பூர், சீனா, தாய்லாந்து என்று கூலிக்குத் தகுந்தபடி நகர்ந்துகொண்டே போயிற்று. புத்தகத்தின் முன்னட்டையில் ஓவியர் பெயர் இருக்கும், ஒட்டியவள் பெயர் எங்கும் இருக்காது. நாங்கள் செய்த வாழ்த்து அட்டைகளிலும் இருந்ததில்லை.

இனி என் பேத்தியின் முதலைக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தைச் செய்தவர் எரிக் ஹில் என்ற ஆங்கிலேயர். விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர். மடலைத் தூக்கிப் பார்க்கும்படியான ஒரு விளம்பரத் துண்டை வீட்டில் வைத்து வரைந்துகொண்டிருந்தபோது, தன் சின்ன மகன் அந்த மடலையே மறுபடி மறுபடி தூக்கிப் பார்ப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தது 1980-ல் வந்த 'வேர்ஸ் ஸ்பாட்?' சாப்பிட வராத குட்டியைத் தாய்நாய் தேடுகிறது. கதவுக்குப் பின்னால் கரடி, கடிகாரத்துக்குள் பாம்பு, பியானோவில் நீர்யானை. ஒவ்வொன்றும் இல்லை, இல்லை என்கிறது. இரண்டாம் தடவைக்கே பிள்ளைக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் தூக்குகிறது, ஆனாலும் சிரிக்கிறது.

இத்தனை பேரையும் படித்தபோது என் வீட்டு பீரோ நினைவுக்கு வந்தது. 1979-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் என் மகனுக்கு ஒரு பாப்-அப் புத்தகம் கொடுத்தார். விரித்தால் கோட்டை எழும்பும். அந்த வேலைப்பாட்டில் சொக்கிப்போய் அதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கையைக் கழுவிக்கொண்டு வந்தால் காட்டுவேன். ஒரு முறை கோபுரத்தைத் தொட்டுவிட்டான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவன் பார்க்கக் கேட்டதில்லை.

நேற்று மகனிடம் போனில் கேட்டேன், நினைவிருக்கிறதா என்று. "எந்தப் புத்தகம்ப்பா?" என்றான்.

பீரோவைத் திறந்து எடுத்தேன். அட்டை புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. விரித்தேன். பசை காய்ந்து பொடியாகி, பாதிக் கோட்டை எழும்பாமல் தாளோடு படுத்தே கிடந்தது. பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சரிந்த கோபுரத்தை விரலால் நிமிர்த்தினாள். விரலை எடுத்ததும் விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள். நான் ஃபெவிகால் எடுக்கப் போனேன்.